கண்ணீருக்குப் பதில் உமிழ்நீர்

உலர்கண் நோய் முற்றிய நாய்களுக்கு ஓர் அறுவை உண்டு. பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய், மேல்வரிசையின் பெரிய கடைவாய்ப் பல்லுக்கு எதிரே வாய்க்குள் திறக்கும். அந்த முனையைப் பெயர்த்து, கன்னத்துக்குள்ளாகவே மேலேற்றி, கீழிமையின் உட்புறம் தைத்துவிடுவார்கள். 1990களில் 0.2 சதவீத சைக்ளோஸ்போரின் களிம்பு வரும்வரை, மருந்துக்கு மசியாத கண்களுக்கு இதுவே பெரிய நம்பிக்கை. இன்றும் இது தேவையா?

கண்ணீரை அளக்கும் சர்மர் சோதனையை மட்டும் நம்பினால் அறுவை அபார வெற்றிதான். நிமிடத்துக்கு 15 மில்லிமீட்டராவது நனைய வேண்டிய காகிதப் பட்டை, நோயுற்ற கண்ணில் 5ஐக்கூடத் தொடாது. அறுவைக்குப் பின் சொட்டச் சொட்ட நனையும். ஆனால் அந்தப் பட்டை ஈரத்தை அளக்குமே தவிர, நாயின் நிம்மதியை அளக்காது. கண்ணீரிலுள்ள எண்ணெய்ப் படலம் உமிழ்நீரில் இல்லை. சுண்ணாம்புச் சத்தோ கூடுதல். அது கருவிழிமேல் வெள்ளை மணலாகப் படிகிறது. நாய் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறது. சோற்றுத் தட்டை வைத்ததும் கண்ணிலிருந்து தாரை வழிகிறது. கன்னத்து மயிர் ஊறி, அடியில் தோல் சிவந்து புண்ணாகிறது. படிவுக்குச் சொட்டு மருந்து, முகத்துக்குத் துடைப்பு என்று பராமரிப்பு ஆயுள் முழுக்கத் தொடரும். குழாய் முறுக்கிக்கொள்வது, கிழிவது, தழும்பால் அடைபடுவது ஆகியவை தனி. வழிதல் தாங்க முடியாமல் போய், குழாயை மீண்டும் வாய்க்கே திருப்ப வேண்டிவந்த நாய்களும் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த அறுவையைத் தள்ளிவிட முடியாது. கண்ணீர்ச் சுரப்பியே இல்லாமல் பிறந்த நாய்க்குத் தூண்டிவிட எதுவும் இல்லாததால், கண்ணீரைச் சுரக்கவைக்கும் எந்தக் களிம்பாலும் பயனில்லை. வறண்ட கருவிழியின் வலியையும் பார்வையிழப்பையும் விட வெள்ளைப் படிவும் ஈர முகமும் எவ்வளவோ மேல். (பிதுங்கிய மூன்றாம் இமைக் கண்ணீர்ச் சுரப்பியை வெட்டி எறியாமல் உள்ளே தைத்து வைத்தாலே, பல நாய்கள் இந்தக் கட்டத்துக்கு வராமல் தப்பும்.)

ஆகவே என் தீர்ப்பு: சுரப்பியே இல்லாமல் பிறந்த நாய்க்கும், சைக்ளோஸ்போரினையோ அதே வகை மருந்தான டாக்ரோலிமஸையோ இரண்டு மூன்று மாதம் விடாமல் போட்டும் கண்ணீர் ஊறாத, வலியால் தவிக்கும் நாய்க்கும் மட்டுமே இந்த அறுவை நியாயம். அதற்கும் முன், நாக்கில் புளிப்போ கசப்போ தடவி, குழாய்வழியே உமிழ்நீர் வருகிறதா என்று பார்த்தாக வேண்டும். வாயும் வறண்டிருந்தால் கத்தியை எடுக்கவே கூடாது. தினமும் மருந்து போட அலுத்துப்போய் அறுவையைக் கேட்டு வருபவரிடம், மருந்து போடும் வேலை அதற்குப் பின்னும் தீராது என்று ஒப்புதல் தாளை நீட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.