சோதனைக் குழாயும் அத்தையின் ரத்தமும்

மாமல்லபுரம் கடலோரத்தில் இருக்கும் அத்தை வீட்டு ஜன்னல் கம்பி, எத்தனை பெயிண்ட் அடித்தாலும் துருப்பிடிக்கும். ரத்தக்குழாய்ச் சுவருக்குள் சிக்கும் எல்டிஎல் துகளுக்கு நடப்பதும் அதே ஆக்ஸிஜனேற்றம்தான். கெட்டுப்போன துகளை வெள்ளணுக்கள் விழுங்க, அடைப்பு வளர்கிறது. ஈஸ்ட்ரோஜன் அதற்குப் பெயிண்ட் மாதிரி என்கிறார்கள்.

அதன் மூலக்கூறில் பீனால் வளையம் இருப்பதால் தடுக்கும் திறன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எங்கே? பெரும்பாலும் சோதனைக் குழாயில், தாமிர அயனி சேர்த்து, மைக்ரோமோலார் அளவில். மாதவிடாய் நிற்காத பெண்ணின் ரத்தத்திலோ எஸ்ட்ராடையால் ஏறக்குறைய 0.1 முதல் 1.5 நானோமோலார். ஆயிரம் மடங்கு இடைவெளியை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

1998-ல் வந்த ஹெர்ஸ் ஆய்வில் இதயநோய் உள்ள 2,763 பெண்கள். ஹார்மோன் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை. 2002-ல் 16,608 பெண்கள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். இரண்டிலும் புரோஜெஸ்டின் கலந்திருந்தது, சராசரி வயதும் 60-ஐத் தாண்டியது என்பது நியாயமான ஆட்சேபம். அதற்காகக் குழாய்ச் சோதனை மருந்துச்சீட்டு ஆகிவிடாது.

போன வாரம் செங்கல்பட்டு போய்த் திரும்பிய அத்தை, "இதயத்துக்கு நல்லதாமே, போட்டுக்கவா?"ன்னு கேட்டார். "உடம்புக் கொதிப்புக்கு டாக்டர் பார்த்துக் கொடுத்தா போட்டுக்கோங்க அத்தை. இதயத்துக்குன்னா வேணாம்; பிபியையும் சுகரையும் பாருங்க" என்றேன்.