லாவ் டியாஸ்: நீளமும் காத்திருப்பும்

லாவ் டியாஸ் (பிறப்பு: டிசம்பர் 30, 1958) பிலிப்பைன்ஸ் நாட்டுத் திரைப்பட இயக்குநர். திரைக்கதை, படத்தொகுப்பு ஆகியவற்றையும் பல படங்களில் ஒளிப்பதிவையும் தாமே செய்பவர். லொகார்னோ, பெர்லின், வெனிஸ் ஆகிய மூன்று பெரிய திரைப்பட விழாக்களிலும் விருது பெற்றவர். இவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் படங்களின் நீளத்தைச் சொல்லி அதோடு நிறுத்திவிடுகின்றனர். ஐந்து மணி நேரம், எட்டு மணி நேரம், பத்து மணி நேரத்துக்கும் மேல் என்ற கணக்கு வியப்பைத் தரும், விளக்கத்தைத் தராது. அந்த நீளம் எந்தப் படத்தில் பொருள் பெறுகிறது, எந்தப் படத்தில் வெறும் நீளமாகவே நின்றுவிடுகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

தொடக்கம்

டியாஸ் பிறந்தது பிலிப்பைன்ஸின் தென்கோடியில் உள்ள மிந்தனாவோ தீவில். பெற்றோர் இருவரும் சிற்றூர் மக்களுக்குக் கல்வி புகட்டும் பணியில் இருந்தவர்கள். 1972 செப்டம்பரில் அதிபர் பெர்டினண்ட் மார்கோஸ் நாடு முழுவதும் இராணுவச் சட்டத்தை அறிவித்தபோது டியாஸுக்குப் பதின்மூன்று வயது. அந்த ஆண்டுகளின் நினைவு அவருடைய படங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

அவருடைய முதல் படம் 1998இல் வெளிவந்த 'செராபின் ஜெரோனிமோ: பாரியோ கான்செப்சியோனின் குற்றவாளி'. மணிலாவின் ரீகல் நிறுவனம் அக்காலத்தில் 'பித்தோ-பித்தோ' என்ற முறையில் மலிவுப் படங்களை எடுத்துவந்தது. தகலோக் மொழியில் 'பித்தோ' என்றால் ஏழு. படப்பிடிப்புக்கு ஏழு நாள், பின்வேலைகளுக்கு ஏழு நாள் என்பது அந்த முறையின் கணக்கு. உலகிலேயே மிக நீளமான கதைப்படங்களில் சிலவற்றை எடுத்தவர் இப்படிப்பட்ட அவசரப் பட்டறையில்தான் தொழில் பழகினார். பின்னாளில் அவர் நேரத்தைத் தாராளமாகச் செலவழித்ததற்கு இங்கே பட்ட நெருக்கடியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

2001இல் வந்த 'பாத்தாங் வெஸ்ட் சைட்' அமெரிக்காவின் ஜெர்சி நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட பிலிப்பினோ இளைஞன் ஒருவனைப் பற்றியது. ஐந்து மணி நேரம் ஓடும் இந்தப் படத்தோடு டியாஸ் வணிகத் திரையின் அளவுகோலை விட்டு வெளியேறினார் எனலாம். பின்னர் வந்தது 'ஒரு பிலிப்பினோ குடும்பத்தின் பரிணாமம்' (2004). ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் பணம் கிடைத்தபோதெல்லாம் எடுக்கப்பட்டது. பாதி வழியில் 16 மி.மீ. படச்சுருளிலிருந்து டிஜிட்டல் வீடியோவுக்கு மாறியது. சிறுவனாக நடிக்கத் தொடங்கியவர் படத்துக்குள்ளேயே வளர்ந்து பெரியவராகிறார். அதில் ஒப்பனை ஏதும் இல்லை. காடியோ என்பவர் குத்துப்பட்டு, ஆளற்ற நகரத் தெருவில் தள்ளாடித் தள்ளாடிச் சாகும் காட்சி வெட்டின்றிப் பல நிமிடங்கள் நீள்கிறது. பார்ப்பவருக்கு முதலில் பதற்றம் வரும், பிறகு சலிப்பு வரும், அதன்பின் தாம் சலிப்படைந்ததே ஒரு குற்ற உணர்வாக மாறும். ஒரு மனிதர் சாக எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சுருக்கும் உரிமை படத்தொகுப்பாளருக்கு உண்டா என்று அந்தக் காட்சி கேட்கிறது.

டிஜிட்டல் கருவி வந்த பிறகு படச்சுருளுக்குக் காசு தேட வேண்டிய கட்டாயம் நீங்கியது. சிறு குழு, நண்பர்களான நடிகர்கள், அசையாத கேமரா, பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, பின்னணி இசை இல்லாமை என அவருடைய முறை உறுதிப்பட்டது. 2006 நவம்பர் இறுதியில் பிக்கோல் வட்டாரத்தைப் பெரும்புயல் தாக்கியது. மாயோன் எரிமலையின் சரிவிலிருந்து இறங்கிய சேறு ஊர்களைப் புதைத்தது. டியாஸ் கேமராவோடு அங்கே போனார். உயிர் தப்பியவர்களின் உண்மையான பேச்சையும், ஊர் திரும்பும் ஒரு கவிஞனின் கற்பனைக் கதையையும் சேர்த்து ஒன்பது மணி நேரப் படமாக்கினார் (2007).

இரண்டு படங்கள்

டியாஸின் ஆற்றலை அறிய எல்லாப் படங்களையும் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு போதும்.

முதலாவது 'முலா சா குங் அனோ அங் நோவோன்' (2014). 'முன்பிருந்த ஒன்றிலிருந்து' என்று பொருள் கொள்ளலாம். ஐந்தரை மணி நேரத்துக்கும் சற்று மேல் ஓடும் இந்தப் படம் லொகார்னோவில் தங்கச் சிறுத்தை விருதை வென்றது. கதை நடப்பது இராணுவச் சட்டத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில், ஒதுக்குப்புறமான ஒரு சிற்றூரில். காட்டிலிருந்து ஓலம் கேட்கிறது. மாடுகள் வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன. குடிசைகள் எரிகின்றன. ஊரார் இதைப் பேய் பிசாசின் வேலை என்று நினைக்கின்றனர். இந்த அச்சத்தினிடையே, நோய் தீர்க்கும் சக்தி உடையவள் என்று ஊர் நம்பும் மனவளர்ச்சி குன்றிய ஒரு பெண்ணையும், அவளைத் தூக்கிச் சுமக்கும் அக்காளையும் படம் பொறுமையாகப் பின்தொடர்கிறது. வீடு வீடாகப் பொருள் விற்க வரும் பெண் எல்லாரையும் நலம் விசாரிக்கிறாள். அவள் ஒற்றர் என்பது மெல்ல மெல்லத் தெரிகிறது. அதன்பின் இராணுவம் ஊருக்குள் வந்து முகாம் போடுகிறது. கடைசியில் 1081ஆம் எண் அறிவிப்பு வருகிறது.

இங்கே நீளம் அலங்காரமன்று. சர்வாதிகாரம் ஒரே நாளில் வானொலி அறிவிப்பாக வந்து இறங்கியது என்று பாடநூல் சொல்லும். அறிவிப்பு வரும்போது ஊர் ஏற்கெனவே காலியாகத் தொடங்கிவிட்டது என்கிறது டியாஸின் படம். ஒவ்வொரு குடும்பமாகப் பெயர்ந்துபோவதை உணர, முதலில் அந்த ஊரில் குடியிருந்திருக்க வேண்டும். முதல் மூன்று மணி நேரம் பார்வையாளரை அங்கே குடியமர்த்துகிறது. அந்தப் பகுதியை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஓர் அரசியல் செய்திப் படம் மட்டுமே.

இரண்டாவது 'அங் பாபாயெங் ஹுமாயோ', அதாவது 'வெளியேறிய பெண்' (2016). மூன்றே முக்கால் மணி நேரம். வெனிஸ் விழாவின் மிக உயர்ந்த விருதான தங்கச் சிங்கத்தை வென்றது. டால்ஸ்டாயின் 'கடவுள் உண்மையைக் காண்கிறார், ஆனால் காத்திருக்கிறார்' என்ற சிறுகதை இதற்குத் தூண்டுதல். அக்கதையில் செய்யாத கொலைக்காக ஒரு வணிகர் இருபத்தாறு ஆண்டுகள் சைபீரியாவில் வாடுகிறார். உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொண்டு விடுதலை ஆணை வரும்போது அவர் இறந்துவிட்டிருக்கிறார். டால்ஸ்டாய் முடித்த இடத்தில் டியாஸ் தொடங்குகிறார். அவருடைய ஹொராசியா என்ற பள்ளி ஆசிரியைக்கு ஆணை உயிரோடு இருக்கும்போதே வருகிறது. முப்பது ஆண்டுச் சிறைக்குப் பின், 1997இல், அவள் வெளியே வருகிறாள். மரணம் அந்த வணிகரைக் காப்பாற்றியது; தன்னைச் சிறைக்கு அனுப்பியவனைப் பழிவாங்கும் எண்ணத்திலிருந்து ஹொராசியாவைக் காப்பாற்ற யாரும் இல்லை.

அவள் வேவு பார்க்கும் இரவுகளில், பாலுட் என்னும் வாத்து அடைமுட்டை விற்கும் கூனரோடும், தெருவில் வாழும் மனநலம் குன்றிய பெண்ணோடும், ஹொலாண்டா என்ற திருநங்கையோடும் பழகுகிறாள். அடிபட்டு வரும் ஹொலாண்டாவை வீட்டில் வைத்துப் பேணுகிறாள். இறுதியில் அந்தக் கொலையை நன்றிக்கடனாகச் செய்பவர் ஹொலாண்டா. ஹொராசியாவின் அன்பே அவளுடைய பகையை நிறைவேற்றிவிடுகிறது. நீதி கிடைத்ததா என்ற கேள்விக்கு இதைவிடக் கசப்பான விடையை அண்மைக்காலத் திரைப்படங்களில் காண்பது அரிது.

இப்படம் வெனிஸில் விருது பெற்றது 2016 செப்டம்பரில். அதே ஆண்டு நவம்பரில் மார்கோஸின் உடல் மணிலாவில் உள்ள வீரர்களுக்கான கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022இல் அவருடைய மகன் நாட்டின் அதிபரானார். மறதியை எதிர்த்துப் படமெடுக்கும் ஒருவரின் வேலை எவ்வளவு கடினமானது என்பதை இந்தத் தேதிகள் சொல்லும்.

குறைகள்

டியாஸின் எல்லா நீளமும் இப்படிப் பயன்படுவதில்லை. 'பிசாசின் பருவம்' (2018) இராணுவச் சட்டக் காலக் கொடுமைகளை இசைக்கருவி இல்லாத பாடல்களால் சொல்கிறது. துணிவான முயற்சிதான். ஆனால் அதிலுள்ள தலைவனுக்குப் பின்மண்டையிலும் ஒரு முகம். அவன் பேசுவது பொருளற்ற உளறல். அவனைப் பார்த்ததுமே கருத்து புரிந்துவிடுகிறது. புரிந்த பிறகும் நான்கு மணி நேரம் அதே கருத்து பாடப்படுகிறது. 2034ஆம் ஆண்டில் நடக்கும் 'அங் ஹுபா' (2019) படத்தின் கோமாளிச் சர்வாதிகாரிக்கும் இதே குறை உண்டு. ஹொராசியாவைப் போல ஒரு மனிதர் காத்திருக்கும்போது டியாஸின் நேரம் நிறைகிறது. ஓர் உருவகம் காத்திருக்கும்போது அது காலியாகிறது.

கொடியவனை அவர் நன்றாகவே படைக்க வல்லவர் என்பதற்கு 'நோர்த்தே, வரலாற்றின் எல்லை' (2013) சான்று. தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலைத் தழுவிய இந்த வண்ணப் படத்தில், வட்டிக்காரியைக் கொல்லும் பாபியான் அறிவுள்ள, பேச்சுத்திறன் மிக்க சட்ட மாணவன். கதை நடக்கும் இலோகோஸ் நோர்த்தே மார்கோஸின் சொந்த மாகாணம். மார்கோஸும் சட்டம் பயின்ற காலத்தில் கொலை வழக்கில் தண்டனை பெற்று, 1940இல் உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டவர்.  

இன்னொரு கேள்வியும் உண்டு. இவர் யாருடைய வாழ்வைப் படமாக்குகிறாரோ அந்த உழவரும் தெருவோர வணிகரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இவற்றைப் பார்க்க முடியுமா? டியாஸும் இதை எண்ணாதவர் அல்லர். 1896 புரட்சியின் தலைவர் ஆந்திரேஸ் போனிபாசியோவின் உடலை அவருடைய மனைவி காடெங்கும் தேடும் எட்டு மணி நேரப் படத்தில், ஜான் லாய்ட் குரூஸ், பியோலோ பஸ்குவால் ஆகிய புகழ்பெற்ற நட்சத்திரங்களை நடிக்க வைத்தார். பெர்லினில் வெள்ளிக் கரடி பெற்ற அப்படம் 2016 மார்ச்சில் பிலிப்பைன்ஸ் திரையரங்குகளிலும் திரையிடப்பட்டது. 2025இல் கான் விழாவில் காட்டப்பட்ட 'மகெல்லன்' படத்தில் மெக்சிகோ நடிகர் கயேல் கார்சியா பெர்னால் கடலோடியாக நடித்துள்ளார். அதன் நீளம் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு.