சிதைவின் அழகும் மறைந்த பெயர்களும்

பாழடைந்த கட்டடத்தில் அழகு காண்பது புதிய மரபன்று. இடிந்த கோயிலையும் சரிந்த கோட்டையையும் கண்டு நெஞ்சம் நெகிழாதார் சிலரே. ஆனால் பாழடைந்து கிடப்பது மனநோய் மருத்துவமனை எனில், அங்கே அழகு கண்டு மகிழ நமக்கு உரிமை உண்டா? அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கிறிஸ்டோபர் பெய்ன் 2009இல் வெளியிட்ட ‘அசைலம்’ என்னும் படநூல் இவ்வினாவை நம் முன் வைக்கிறது.

பெய்ன் கட்டடக்கலை பயின்றவர். 2002 முதல் 2008 வரை 30 மாநிலங்களில் 70 மருத்துவமனைகளைத் தேடிச் சென்று படமெடுத்தார். உரிந்து சுருண்டு தொங்கும் வண்ணப்பூச்சு, ஆளரவமற்ற நெடுங்கூடம், அதன் கோடியில் விழும் வெயில் ஆகியவை முதற்பார்வையில் தேர்ந்த ஓவியங்கள் போலவே தோன்றுகின்றன.

எனினும் இவ்வழகு சிதைவினால் மட்டும் விளைந்ததன்று என்பதே நம் கருத்து. இவற்றுட் பல, தாமஸ் கர்க்பிரைடு என்ற மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வகுத்த முறைப்படி எழுந்தவை. நடுவே தலைமைக் கட்டடம். இருமருங்கும் படிப்படியாகப் பின்வாங்கி நிற்கும் சிறகுகள். அறைதோறும் காற்றும் ஒளியும். நல்ல கட்டடமே நோயைத் தணிக்கும் என்று அக்காலத்தவர் நம்பினர். ‘அசைலம்’ என்ற சொல்லின் பழம்பொருளும் புகலிடம் என்பதே. இன்று படங்களில் நாம் காணும் ஒளி, அன்று நோயாளிக்காகவே திட்டமிட்டு உள்ளே விடப்பட்ட ஒளியாகும்.

நாளடைவில் கூட்டம் மிகுந்து, புகலிடம் அடைப்பிடமாயிற்று. 1955இல் அந்நாட்டு அரசு மனநோய் மருத்துவமனைகளில் 5,50,000க்கு மேற்பட்டோர் இருந்தனர். பின்னர்ப் புதிய மருந்துகள் பரவின. 1963இல் அதிபர் கென்னடி கையெழுத்திட்ட சட்டம், நோயாளரை அவரவர் ஊரிலேயே பேணுவதற்கு வழிவகுத்தது. மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஊர்தோறும் வரவேண்டிய நிலையங்களோ போதிய அளவில் வரவில்லை. பலர் தெருவுக்கும் சிறைக்கும் போய்ச் சேர்ந்தனர். பழைய விடுதிகளில் கொடுமைகளோடு பாதுகாப்பும் தோழமையும் இருந்தன என்று, இந்நூலில் இடம்பெற்ற தம் கட்டுரையில் நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் நினைவூட்டுவது சிந்திக்கத்தக்கது.

இப்படங்களை மதிப்பிட நம் தொல்காப்பியமே ஓர் அளவுகோல் தருகிறது. மருட்கை என்னும் வியப்பு புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவற்றால் பிறக்கும். அழுகையோ இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றால் பிறக்கும். பெய்னின் கட்டடப் படங்கள் நம்மிடம் எழுப்புவது மருட்கையே. அதனுடன் நின்றுவிட்டால், பிறர் துயரை நம் கண்ணுக்கு விருந்தாக்கிய குற்றம் கலைஞனைச் சாரும். ஆனால் அவர் அங்கே நின்றுவிடவில்லை. ஹட்சன் ரிவர் மருத்துவமனையில் எடுத்த ஒரு படத்தில், நோயாளர் பல் துலக்கிய பிரஷ்கள் வரிசையாகத் தொங்குகின்றன. அதில் பிரமாண்டமும் இல்லை, உரிந்த சுவரின் வண்ணக் கோலமும் இல்லை. காலையில் எழுந்து பல் துலக்கிய மனிதர்கள் இங்கே வாழ்ந்தனர் என்பதை மட்டும் அது சொல்கிறது. மருட்கை அவ்விடத்தில் அழுகையாக மாறுகிறது. நூலின் தலைசிறந்த படமாக நாம் இதனையே கொள்வோம்.

இவ்வழியில் மேலும் சென்றவர் ஜான் கிரிஸ்பின். நியூயார்க் மாநிலத்து வில்லர்டு மருத்துவமனை 1869இல் திறக்கப்பட்டு 1995இல் மூடப்பட்டது. அப்போது அதன் பரணில் நோயாளர் கொண்டுவந்த 400க்கும் மேற்பட்ட பெட்டிகள் கிடைத்தன. அவற்றைத் திறந்து, உள்ளிருந்த உடைகளையும் கடிதங்களையும் சிறு பொருள்களையும் அவர் படமெடுத்தார். ஆயினும் நோயாளரின் முழுப்பெயரை வெளியிட விதிகள் இடந்தரவில்லை. வாழ்ந்தபோது காக்க வேண்டிய மறைவு, இறந்தபின் அவர்களைப் பெயரற்றவர்களாக்கி விடுகிறது. பொருள் அத்தனையும் காண்கிறோம். உடையவர் யாரெனச் சொல்ல இயலவில்லை.

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நம் குடும்பங்களுக்குப் பெட்டியின் பொருள் தெரியும். எதை எடுப்பது, எதை விடுப்பது என்று எண்ணியெண்ணி அடுக்கப்படுவது அது. என்றேனும் திரும்புவோம் என்ற நினைப்பும் அதற்குள் இருக்கும். வில்லர்டில் பெட்டியை ஒப்படைத்தவர்களுள் பலர் திரும்பவேயில்லை. அப்படங்களை வேற்று நாட்டுக் காட்சி என்று நம்மால் ஒதுக்க முடியாமைக்கு இதுவே காரணம்.

ஆகவே, சிதைவில் அழகு காண்பது குற்றமன்று. அழகோடு பார்வை முடிந்துவிடுவதே குற்றம். இத்தகைய படமொன்றைக் காணும்போது, இங்கே யார் இருந்தார், அவர் எங்கே போனார் என்று நம்மைக் கேட்கத் தூண்டுகிறதா என்பதே நாம் பார்க்க வேண்டியது. அங்ஙனம் தூண்டும் படம் நல்ல படம். பெய்னின் நூலில் அத்தகையன சிலவேனும் உள. அவற்றுக்காகவே அந்நூல் போற்றத்தக்கது.