எடையில் தெரியாத பற்றாக்குறை

நார்வேயின் சால்மன் பண்ணைகளில் 1990இல் தீவனத்தின் பத்தில் ஒன்பது பங்கு மீன்தூளும் மீன் எண்ணெயும்தான். 2020இல் அது கால் பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. மீன்தூளின் இடத்தைச் சோயா போன்ற தாவரப் புரதங்களும், மீன் எண்ணெயின் இடத்தைக் கனோலா எண்ணெயும் பிடித்துக்கொண்டன. இந்த மாற்றம் வந்தே ஆகவேண்டியது. மீன் எண்ணெயில் கணிசமான பங்கு பெரு நாட்டு நெத்திலியிலிருந்து வருகிறது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ வந்தால் அந்த வரத்து படுத்துவிடும். 2023இல் பெரு தன் முக்கியக் கடற்பகுதியில் முதல் பருவ நெத்திலிப் பிடிப்பையே ரத்து செய்தது. மீன் எண்ணெயை மட்டும் நம்பியிருந்தால் இத்தொழில் இவ்வளவு வளர்ந்திருக்க முடியாது.

வளர்ச்சியிலும் பெரிய குறை இல்லை. மீன் எண்ணெயில் பாதிக்கு மேல் நீக்கினாலும், இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் தேவையான அளவு இருந்தால் சால்மன் ஏறக்குறைய அதே எடைக்கு வளர்கிறது. பண்ணைக்காரருக்கு எடைதான் காசு. அந்த எடையையே ஒரே அளவுகோலாக்கியதுதான் கோளாறு.

கனோலா எண்ணெயில் இந்த இரண்டும் இல்லை. அதிலுள்ள வேறொரு ஒமேகா-3இலிருந்து சால்மன் இவற்றை ஓரளவே தயாரித்துக்கொள்ளும். விளைவு தட்டிலேயே தெரிகிறது: ஸ்காட்லாந்துப் பண்ணை சால்மனில் இவற்றின் அளவு 2006க்கும் 2015க்கும் இடையே பாதியாகக் குறைந்தது.

தட்டைவிட எனக்குக் கவலை தருவது மீன் வளரும் கடல் கூண்டு. சால்மன் குளிர்நீர் மீன். ஏறக்குறைய 14 டிகிரி செல்சியஸ் வரை சூடு கூடக்கூடப் பசியும் வளர்ச்சியும் கூடும். தாஸ்மேனியக் கோடையில் நடப்பதுபோல் நீர் 18, 19 டிகிரியைத் தொட்டால் மீன் இரையைக் குறைத்துவிடும். நீரில் கரைந்த ஆக்சிஜன் குறையும் அதே நேரத்தில் உடலின் ஆக்சிஜன் தேவை ஏறும். மீனின் உடலில் ஒட்டி வாழும் கடல் பேனும் வெதுவெதுப்பில் வேகமாகப் பெருகும். அதை உதிர்க்க மீன்களைக் குழாயில் உறிஞ்சி, 28 முதல் 34 டிகிரி வரையுள்ள நீரில் அரை நிமிடம்போல முக்கியெடுப்பது இன்று பரவலாக உள்ள ஒரு முறை. குளிர்நீரில் பிறந்த உடலுக்கு அது பெரிய அதிர்ச்சி.

2017இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று இங்கேதான் கண்ணைத் திறக்கிறது. கடல் கூண்டில், நீர் சூடாக இருந்த நாளில் பேன் நீக்கியபோது, இ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் குறைவான தீவனம் தின்ற மீன்கள் அதிகமாகச் செத்தன. அமைதியான சோதனைத் தொட்டியில் போதும் என்று தோன்றிய அளவு கடலில் போதவில்லை.

சூடான நீரில் தாவரக் கொழுப்பு நன்றாகவே செரிக்கும் என்பார்கள். பனை எண்ணெய் போன்ற கெட்டிக் கொழுப்புக்கு அது உண்மைதான். ஆனால் செரிப்பது வேறு, தாங்குவது வேறு. இதயம், தோல், குடல், நோய் எதிர்ப்பு எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு அமிலங்கள் வேண்டும்.

அவற்றைத் தரும் பாசி எண்ணெயும் மரபணு மாற்றிய கனோலாவும் வந்துவிட்டன, விலைதான் தடை. இருக்கிற மீன் எண்ணெயை அறுவடைக்கு முந்தைய மாதங்களுக்கென்று ஒதுக்கும் வழக்கம் உண்பவரின் தட்டை மட்டுமே நினைக்கிறது. அதில் ஒரு பங்கைக் கோடைக்கும் பேன் நீக்கத்துக்கும் முன்பே கொடுக்க வேண்டும். புதிய தீவனம் எதுவானாலும் கோடைக் கடலின் கூண்டில் சோதித்து, எடையோடு பிழைத்த மீன்களின் கணக்கையும் சேர்த்துக் காட்டிய பிறகே விற்பனைக்கு வரட்டும்.