மூன்று லட்சம் ஓடிய இன்னோவாவுக்குப் பெரிய டர்போ எதற்கு?

ஆறுமுகநேரியிலிருந்து திருச்செந்தூருக்கும் தூத்துக்குடிக்கும் வாடகைக்கு ஓடும் பழைய இன்னோவாக்களில் மூன்று லட்சம் கிலோமீட்டரைக் கடந்த வண்டி அரிதல்ல. அந்த வயதில் பிக்அப் குறைந்து, புகை தள்ளி, டர்போவிலிருந்து விசில் போல ஒரு சத்தம் ஏறத் தொடங்கினால் உரிமையாளருக்கு இரண்டு யோசனைகள் சொல்லப்படும். இருக்கிற டர்போவை ரீகண்டிஷன் செய்யலாம். அல்லது, செலவு எப்படியும் ஆகிறது, இன்னும் கொஞ்சம் போட்டுப் பெரிய டர்போவும் இன்டர்கூலரும் மாட்டிவிடலாம்.

பெரிய டர்போ வேண்டும் என்பவர்களின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2005இல் இந்தியாவுக்கு வந்த இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல் இன்ஜின் தந்தது 102 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. டர்போ இருந்தது, இன்டர்கூலர் இல்லை. அதே குடும்பத்து இன்ஜின், இன்டர்கூலரும் இதழ்களின் கோணத்தை மாற்றிக்கொள்ளும் வேரியபிள் டர்போவும் பெற்று, பின்னாளில் 2.5 லிட்டர் ஃபார்ச்சூனரில் 144 குதிரைத்திறனையும் 343 நியூட்டன் மீட்டரையும் எட்டியது. அழுத்தப்பட்ட காற்று சூடாகும். சூடான காற்றில் ஆக்ஸிஜன் அடர்த்தி குறையும். வைகாசி வெயிலில் ஏ.சி.யும் ஏழு பேரும் பெட்டிகளுமாகப் போகும் வண்டிக்கு, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் உதவும் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த 343 டர்போ ஒன்றினால் வந்ததல்ல. எரிபொருள் தெளிப்பு, கணினி நிரல், குளிர்விப்பு, முறுக்குவிசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் பாகங்கள் எல்லாம் அதற்கேற்ப அமைக்கப்பட்ட புது வண்டியில் கிடைத்த எண் அது. மூன்று லட்சம் ஓடிய இன்ஜினில் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கும், ஹெட் கேஸ்கட் வயதாகியிருக்கும், கிளட்ச் பழைய 200க்குக் கணக்கிட்டது. கூடுதல் அழுத்தம் இவற்றில் எது மிகப் பலவீனமோ அதைத்தான் முதலில் தேடிப் போகும். அப்புறம் செலவு டர்போவோடு நிற்காது.

இந்த ஊருக்கே உரிய காரணங்களும் உண்டு. ஆறுமுகநேரியைச் சுற்றி உப்பளங்கள், கிழக்கே கடல். வண்டியின் முகப்பில் நிற்கும் அலுமினிய இன்டர்கூலர் உப்புக்காற்றை நாள் முழுக்க வாங்கும். வேரியபிள் டர்போவின் நகரும் இதழ்களோ கரி படிந்து இறுகக்கூடியவை. கோயில் வாசலுக்கும் ரயில் நிலையத்துக்குமாகக் குறுந்தூரம் ஊர்ந்து ஓடும் வண்டியில் கரி சேர்வது இன்னும் எளிது. பழைய டர்போவில் நகரும் இதழே கிடையாது. தவிர, திருச்செந்தூர்ச் சாலை தட்டையானது. 1400 முதல் 3400 சுற்று வரை சமமாகக் கிடைக்கும் அந்த 200 நியூட்டன் மீட்டர் இந்தச் சாலைக்குப் போதும். வாரம் தவறாமல் கொடைக்கானல் ஏறும் வண்டி என்றால் என் தராசு சற்று மாறியிருக்கும்.

சட்டமும் எதிரே நிற்கிறது. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு முரணாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. எஃப்.சி.க்குப் போகவேண்டிய, பயணிகளின் உயிரைச் சுமக்கிற மஞ்சள் போர்டு வண்டி, விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் இந்த மாற்றத்துக்கு விளக்கம் சொல்லும் நிலைக்கு வரவே கூடாது.

அப்படியானால் ரீகண்டிஷன்தானா? அதன் மேலுள்ள புகாரையும் கேட்கவேண்டும்: 'ரிப்பேர் பண்ணின டர்போ ஆறு மாசம் தாங்காது.' தாங்காமல் போவதுண்டு. காரணம் பெரும்பாலும் டர்போவுக்கு வெளியே இருக்கிறது. அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடுவது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆயில் வரும் குழாயில் கரி அடைத்திருந்தாலும், நெடுஞ்சாலையில் விரட்டிவந்து டீக்கடை வாசலில் சட்டென்று இன்ஜினை நிறுத்தும் பழக்கம் தொடர்ந்தாலும், புது டர்போவும் சாகும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. டர்போ ஆயில் கக்குகிறது என்றால் சீல் போயிற்று என்றே முடிவு கட்டுகிறார்கள். அங்கே இருப்பது ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற உலோக வளையம். ஆயில் இறங்கும் குழாய் அடைத்தாலோ, தேய்ந்த ரிங் வழியாகக் கீழே இறங்கும் புகை கிராங்க்கேஸை அழுத்தினாலோ, குறையற்ற டர்போவும் ஆயிலைக் கக்கும்.

ஆகவே முதலில் பார்க்கவேண்டியது இன்ஜினை. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளுகிறதா, கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் ஒத்திருக்கிறதா? இதில் தேறாத வண்டிக்கு இரண்டு யோசனையுமே வீண். பணம் இன்ஜின் வேலைக்குப் போகவேண்டும், இல்லையென்றால் வண்டியை விற்றுவிட வேண்டும்.

தேறிய வண்டிக்கு என் தீர்ப்பு தெளிவானது: அதே அளவு, அதே வகை டர்போ, கோரை, அதாவது தண்டும் பேரிங்கும் விசிறிகளும் சேர்ந்த நடுப்பகுதியை, முழுதாக மாற்றிய ரீகண்டிஷன். பேரிங்கும் வளையமும் மட்டும் மாற்றும் மலிவு வேலையை நான் ஏற்கமாட்டேன். அந்த லட்சம் சுற்று வேகத்தில் தண்டும் இரு விசிறிகளும் சேர்ந்து மெஷினில் பேலன்ஸ் செய்யப்படாவிட்டால் புதுப் பேரிங் விரைவில் அடிவாங்கும். விசிறி உரசி ஹவுசிங் சிதைந்திருந்தால், அல்லது எக்ஸாஸ்ட் பக்கம் ஆழமாக விரிசல் விட்டிருந்தால், ரீகண்டிஷனைக் கைவிட்டு ஒரிஜினல் புது டர்போவே வாங்கவேண்டும்; அப்போதும் அதே அளவுதான்.

கோரோடு ஆயில் குழாயும் புதிதாக மாறவேண்டும். ஆயில், ஃபில்டர், ஏர் ஃபில்டர் அன்றே மாறவேண்டும். ஏர் ஹோஸில் சிறு கிழிசல் இருந்தாலும் விடக்கூடாது, உள்ளே போகும் மணல் விசிறியை அரிக்கும். பேலன்ஸ் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மாட்டுவதற்கு முன் ஆயில் துளையில் புது ஆயில் ஊற்றித் தண்டைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். முதல் ஸ்டார்ட்டில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் சில நிமிடம் ஐடிலில் விடச் சொல்லுங்கள். மெக்கானிக் அவசரப்பட்டாலும் நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.