பீங்கான் சதுரம்

கடுகண்ணாவைக் கணவாய் ஏறும் லொறியிலும் பூட்டுகிற, ட்ரோன் கட்டும் பிள்ளைகளும் வாங்குகிற சின்ன ஜிபிஎஸ் மொட்யூல்தான் நியோ-6எம். என் மேசையிலும் ஒன்று கிடக்கிறது. அதன் அன்டெனாவைப் பாருங்கள்: 25 மில்லிமீற்றர் பீங்கான் சதுரம், மேலே வெள்ளிப் பூச்சு, நடுவைவிட்டுச் சற்றே விலகி ஓர் ஈயப் பொட்டு. கைதவறி வைத்ததுபோல் இருக்கும். ஆனால் மின்மறுப்பு பொருந்துவது அந்த இடத்தில்தான்.

ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்திலுள்ள செய்மதியிலிருந்து இந்த அன்டெனாவுக்கு வரும் அலை, கருவியின் சொந்த இரைச்சலுக்கும் கீழே அமுங்கிக் கிடக்கும். ஒவ்வொரு செய்மதிக்கும் உரிய குறியீட்டை வைத்துத் துழாவி, சில்லு அதை மீட்டெடுக்கிறது. இடத்தையும் உயரத்தையும் அறிய மூன்று செய்மதி போதாதா? போதாது. செய்மதியில் இருப்பது அணுக்கடிகாரம். இங்கே இருப்பதோ மலிவான படிகம். ஒரு மைக்ரோ செக்கன் பிசகினால் 300 மீற்றர் தவறும். நான்காவது செய்மதி அந்தப் பிசகையே கணக்குப்போட்டுச் சொல்லிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த கெட்டித்தனம் இதுதான்.

ஆனால் கடுகண்ணாவைக் கணவாயில் பழைய பாதை பாறையைக் குடைந்து போகிறது. அதற்குள் வானமே இல்லை. வெளியே வந்தாலும் பாறையில் பட்டுத் தெறிக்கும் அலை, வண்டியைப் பள்ளத்தில் நிற்பதாகக் காட்டக்கூடும். புதிய மொட்யூல்கள் ஜிபிஎஸ்ஸோடு குளோனாஸ், கலிலியோ, பைடு செய்மதிகளையும் கேட்கின்றன. மலை பாதி வானத்தை மறைத்தாலும் மீதியில் போதிய செய்மதிகள் அகப்படும். மலைநாட்டு ஓட்டத்துக்கு அத்தகைய மொட்யூலைத்தான் வாங்கச் சொல்வேன்.