தலப்பாவு: சுட்டவன் வாய் திறந்தபோது

என்கவுன்ட்டரைப் படமாக்குகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. செத்தவர் வந்து சொல்லப் போவதில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் சுட்டவர்களே. எஃப்ஐஆர் எழுதுவதும் அவர்களே. அதனால் நடந்ததைக் காட்ட நினைக்கும் கேமரா, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், போலீஸ்காரர் பக்கம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. சரி, நிற்கட்டும். அங்கே நின்று அது யாரைப் பார்க்கிறது என்பதுதான் கேள்வி.

1970 பிப்ரவரி 18 அன்று வயநாட்டின் திருநெல்லிக் காட்டில் நக்சல் தலைவர் வர்கீஸ் கொல்லப்பட்டார். வள்ளியூர்க்காவு திருவிழாவில் ஆதிவாசிகளை ஒரு வருட வேலைக்கு விலைபேசிக் கூட்டிப்போகும் வழக்கம் இருந்த காலம் அது. அந்த அடிமைமுறைக்கு எதிராக நின்றவர் வர்கீஸ். மோதலில் இறந்தார் என்றது போலீஸ். 28 வருடம் அதுவே அரசாங்கத்தின் உண்மை. 1998இல் ராமச்சந்திரன் நாயர் என்கிற முன்னாள் சிஆர்பிஎஃப் கான்ஸ்டபிள் பேசினார். மோதல் எதுவும் நடக்கவில்லை, பிடித்து வைத்திருந்த ஆளை மேலதிகாரி உத்தரவுப்படி நான்தான் சுட்டேன் என்றார். மறுத்தால் தனக்கும் அதே கதி என்று மிரட்டப்பட்டதாகவும் சொன்னார்.

மதுபால் இயக்கி 2008இல் வந்த ‘தலப்பாவு’ மலையாளப் படம் இந்த வாக்குமூலத்திலிருந்து பிறந்தது. கான்ஸ்டபிள் ரவீந்திரன் பிள்ளையாக லால், நக்சல் ஜோசப்பாக பிருத்விராஜ். தலப்பாவு என்றால் தலைப்பாகை. இங்கே அது போலீஸ்காரனின் தொப்பி. பாபு ஜனார்த்தனனின் திரைக்கதை நேர்கோட்டில் போகாது. காடு, வீடு, முதுமை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கலந்து வரும். முதல் தடவை பார்க்கும்போது கொஞ்சம் குழப்பும்தான். ஆனால் சுட்டவனின் மனதில் அந்த நாள் முடியவே இல்லை என்பதை வேறு எப்படிச் சொல்வது? லால் அதை உடம்பாலேயே நடித்திருக்கிறார். அந்த வருடத்தின் கேரள மாநிலச் சிறந்த நடிகர் விருது அவருக்குப் போனதில் ஆச்சரியம் இல்லை.

இதே 2008இல், செப்டம்பர் 19 அன்று, டெல்லி ஜாமியா நகரில் பட்லா ஹவுஸ் என்கவுன்ட்டர் நடந்தது. சந்தேகத்துக்கு ஆளான இரண்டு இளைஞர்களும் இன்ஸ்பெக்டர் மோகன் சந்த் ஷர்மாவும் இறந்தார்கள். போலி மோதல் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. நீதி விசாரணைக் கோரிக்கையை டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஷர்மா கொலை வழக்கில் பின்னால் தண்டனையும் வழங்கப்பட்டது. வர்கீஸ் வழக்கும் இதுவும் ஒன்றல்ல. ஆனாலும் நிகில் அத்வானியின் ‘பட்லா ஹவுஸ்’ படத்தைத் ‘தலப்பாவு’டன் சேர்த்துப் பார்க்கலாம். ஏன்னா அதுவும் ஒரு போலீஸ்காரரின் மனக்காயத்தைப் பற்றிய படம்தான். ஜான் ஆபிரகாமின் அதிகாரிக்குத் தூக்கம் இல்லை, மாயத்தோற்றங்கள் வருகின்றன, கல்யாணம் உடைகிற நிலையில் இருக்கிறது.

வித்தியாசம் எங்கே? ரவீந்திரன் பிள்ளையின் வேதனை ஒரு உடலைக் காட்டித் தருகிறது. இங்கே செத்தான், இப்படிச் செத்தான், நான்தான் செய்தேன். ஜான் ஆபிரகாமின் வேதனையோ, கேள்வி கேட்பவர்களை நோக்கித் திரும்புகிறது. இவ்வளவு கஷ்டப்படுகிற மனுஷனையா சந்தேகப்படுறீங்க? அவர் அழுதுவிட்டால் நாம் கேட்டது தப்பு என்றாகிவிடுகிறது. படம் வெளியானது 2019 ஆகஸ்ட் 15. தேதியும் சும்மா அமைந்ததல்ல.

‘தலப்பாவு’ மேலும் எனக்கு ஒரு புகார் உண்டு. கதையின் எடை முழுக்கச் சுட்டவன், செத்தவன் என்ற இரண்டு ஆண்களின் மேல் விழுகிறது. யாருக்காக இந்தச் சாவு நடந்ததோ அந்த ஆதிவாசிகள் காப்பாற்றப்பட வேண்டியவர்களாக ஓரத்தில் நிற்கிறார்கள். ஜோசப்பும் ஏறக்குறையப் புனிதராகிவிடுகிறார். நல்லவனாக இருந்ததால்தான் அவனைக் கொன்றது தப்பு என்று ஒரு பார்வையாளர் நினைத்துக்கொண்டு போகலாம். அது ஆபத்தான இடம். கையில் சிக்கிய ஆள் கெட்டவனாகவே இருந்தாலும் சுடக்கூடாது என்பதுதானே சட்டம். வெற்றிமாறனின் ‘விசாரணை’ இந்த விஷயத்தில் தெளிவு. அதில் மாட்டிக்கொள்கிறவர்கள் வீரர்களும் இல்லை, தியாகிகளும் இல்லை. வேலை தேடிப் போனவர்கள், அவ்வளவுதான்.

ஆனாலும் ‘தலப்பாவு’க்கு ஒரு மரியாதை தர வேண்டும். உத்தரவிட்ட அதிகாரி லட்சுமணாவுக்கு கொச்சி சிபிஐ நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2010 அக்டோபரில். படம் அதற்கு இரண்டு வருடம் முன்பே வந்துவிட்டது. தீர்ப்பு வரட்டும், பிறகு பேசலாம் என்று அது காத்திருக்கவில்லை.

ராமச்சந்திரன் நாயர் இந்தப் படத்தையும் பார்க்கவில்லை, தீர்ப்பையும் கேட்கவில்லை. 2006இலேயே இறந்துபோனார். அப்போதும் அந்த வழக்கில் அவர் ஒரு குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டிருந்தார். பேசினால் தானும் மாட்டுவோம் என்று தெரிந்துதான் அவர் பேசினார்.